பிளாக்கில் எழுதுகிறவள்

நான் வலைப்பூ எழுதுவதை அம்மா ஊரெல்லாம் இப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறாள்: "எங்க பொண்ணு பிளாக்ல எழுதுது."

பிளாக் என்றால் சினிமா டிக்கெட் என்று மட்டுமே தெரிந்த குருசுக்குப்பம் சித்தி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "இன்னாத்துக்கு? நேரா எழுதினா போலீசு புடிக்குமா?"

மில் வேலைக்குப் போவதற்கு முன் தியேட்டர் வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்றவர் அப்பா. அவர் மட்டும் சிரித்தார். மகள் குலத்தொழிலை விடவில்லை என்ற பெருமை போல.

விளக்கி விளக்கி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். எப்படியும் வீட்டில் ஒருத்தரும் படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் இஷ்டத்துக்கு எழுதினேன். போன வாரம், பிடித்த புத்தகங்களைப் பற்றி. என் உயிரான நாவல் ஒன்று, சமையலறையில் ஆடுகிற பிரிட்ஜின் காலுக்கு அடியில் முட்டுக்கொடுத்துக் கிடப்பதையும் விடவில்லை. "என் அப்பாவைவிட அந்தப் பிரிட்ஜுக்கு இலக்கியத் தொடர்பு அதிகம்" என்று முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பார்த்தால், பிரிட்ஜின் காலடியில் செங்கல் இருந்தது. நாவல் தூசு தட்டப்பட்டு என் மேசைமேல் இருந்தது.

"யாருப்பா எடுத்தது?"

அப்பா போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான்தான். பிரிட்ஜு படிச்சது போதும்னு எடுத்துட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நான் எழுதறதெல்லாம் நீ படிக்கிறியா?"

"நீ பிளாக்ல எழுதற. நான் பிளாக்ல படிக்கறேன்."