இருபது மீட்டர் டயர்த் தடம்

தென்காசியில் நான் இயற்பியல் ஆசிரியர். ஒரு மாலை குற்றாலம் ரோட்டில் என் பைக் ஓர் ஆட்டோவில் மோதியது. "முப்பதுலதான் வந்தேன். இவர்தான் திடீர்னு திரும்பிட்டார்" என்று ஓடி வந்து கூடியவர்களிடம் சொன்னேன்.

உடனே கூட்டம் ஆட்டோக்காரரை வெளியே இழுத்துப்போட்டு அடித்தது. "ஏலே, பாத்து ஓட்டத் தெரியாதாலே?" என்று ஒருவன் அவர் வாயிலேயே குத்தினான்.

அப்போதுதான் சாலையில் என் டயர் தேய்த்த கருப்புத் தடத்தைப் பார்த்தேன். இருபது மீட்டர் இருக்கும். பிரேக் தடத்தை வைத்துத் திசைவேகம் காணும் கணக்கை அன்று காலைதான் வகுப்பில் நடத்தியிருந்தேன். மனம் தானாகவே விடை சொன்னது: அறுபதுக்குக் குறையாது.

தெரிந்தும் நின்றேன். அவர் சுருண்டு விழுந்த பிறகே, "விடுங்க! நான்தான் வேகமா வந்தேன்" என்று கத்தினேன்.

ரத்தத்தைத் துப்பிவிட்டு அவர் கேட்டார்: "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா சார்?"

மரியாதை போய்விடுமே என்றுதான் பேசாமல் நின்றேன்.