தானாகப் போன காசு

என் ராத்தாவுக்கு ஆறு வருடம் வட்டிக் காசைச் சாப்பிடக் கொடுத்தேன். அது வட்டி என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ராத்தா, என் மூத்த சகோதரி, ஒலுவிலில் தனியாக இருக்கிறார். மச்சான் மௌத்தாகி அவர் விதவையான பிறகு, மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கல்முனையிலிருந்து பஸ்ஸில் போய்ச் செலவுக்குக் காசு கொடுப்பேன். தேநீர் தருவார். இரண்டு கைகளையும் ஏந்தி எனக்காக இறைவனிடம் துஆ கேட்பார். பிறகு ஊர்க்கதை. அசர் தொழுகை நேரம் ஆகிவிடும். அந்த நேரம் எனக்கு நீளமாகத் தெரிய ஆரம்பித்திருந்தது.

ஆசிரியர் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த பணிக்கொடையை வட்டி தரும் சேமிப்புக் கணக்கில் போட்டேன். மார்க்கம் தடுத்த வட்டியை நான் தொடுவதில்லை என்பது என் தீர்மானம். எங்கள் பக்கம் பலர் அப்படி வரும் காசைப் பள்ளிவாசல் மலசலகூடம் கட்டக் கொடுத்துவிடுவார்கள். வங்கியில் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டால், மாதாமாதம் குறித்த தொகை இன்னொருவர் கணக்குக்குத் தானாகவே போகும் என்றார்கள். வட்டி வரும் அளவைத் தொகையாக எழுதி, ராத்தாவின் கணக்கிலக்கத்தைக் கொடுத்தேன். முதல் குறையாது, பென்சன் மிஞ்சும், ஒலுவிலுக்கும் போக வேண்டியதில்லை. ஏழைக்குத்தானே போகிறது என்று சொல்லிக்கொண்டேன். ராத்தா அதை என் பென்சன் என்று நினைத்தார். நான் திருத்தவில்லை.

போன வருடம் வட்டி வீதம் இறங்கியது. வங்கிக்குப் போய்த் தொகையைக் குறைத்தேன். அடுத்த மாதம் ராத்தா போன் எடுத்தார்.

"தம்பி, காசு குறைஞ்சி வந்திருக்கு. ஒனக்கு ஏதும் கஷ்டமா?"

"இல்ல ராத்தா."

"கஷ்டமெண்டா நிப்பாட்டு. எனக்கு அனுப்புறதுக்காக வட்டிகிட்டிக்கு எடுத்துப் போடாத. நீ அனுப்பினதில மிச்சம் புடிச்சிக் கபன் துணியும் வாங்கி வெச்சிட்டன். இனி எனக்கு என்ன பெரிய செலவு, மாப்பிள்ளையா பாக்கப் போறன்?"

சிரித்தார். எனக்குச் சிரிக்க முடியவில்லை. வாழ்நாளில் வட்டிக்காரன் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காதவர், அந்தக் காசில் வாங்கிய துணியைச் சுற்றி மண்ணில் அடங்கப் போகிறார்.

மறுநாள் போனேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். உட்காருவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொன்னேன். சுளகைக் கீழே வைத்தார்.

"நீ அதில ஒரு சதமாவது சாப்பிட்டியா?"

"இல்ல."

"அப்ப ஒனக்கு ஹராம், எனக்கு ஹலாலா?"

நான் திண்ணையில் உட்கார்ந்தேன். ராத்தா உள்ளே போய் அலுமாரியிலிருந்து ஒரு பார்சலைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். கபன் துணி.

"இத நீ கொண்டு போ."

அந்த வாரமே கணக்கை மூடினேன். பணத்தை வட்டியில்லாத கணக்குக்கு மாற்றினேன். பென்சன் காசில் புதிய கபன் துணி வாங்கிக்கொண்டு போனேன். எந்தக் காசு என்று மூன்று தரம் கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டார்.

இப்போது முதல் வெள்ளிக்கிழமைகளில் மீண்டும் பஸ் ஏறுகிறேன். வாசற்படியில் வைத்தே கேட்பார், "பென்சன்தானே?" "ஓம் ராத்தா" என்பேன். தேநீர் தருகிறார். ஊர்க்கதையும் உண்டு. கைகளை ஏந்தித் துஆ கேட்பது மட்டும் இல்லை. கேட்பாரோ என்று நான் அசர் வரைக்கும் இருந்து பார்த்துவிட்டுத்தான் எழும்புகிறேன்.