சூடானால் செத்துப்போகும் சென்சார்

டில்லி மயூர் விஹார் சியாமளா, அரசு நிறுவனமொன்றின் பரிசோதனைக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷமாக மீட்டரும் கையுமாக இருப்பவள். மீட்டர் காட்டும் எண்ணைத் தவிர வேறெதையும் லேசில் நம்பமாட்டாள். அப்படிப்பட்டவளை அந்த ஜூன் மாதம் அவளுடைய பழைய கார் குழப்பியடித்தது.

காலையில் ஒழுங்காகக் கிளம்பும். அரைமணி ஓடியதும், நிஜாமுத்தீன் பாலத்தின் நடுவில், சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துபோகும். இருபது நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். மெக்கானிக் பெட்ரோல் பம்ப்பை மாற்றினான். மறுநாளும் நின்றது.

நின்ற பிறகு சாவியைத் திருப்பும்போது, எஞ்சின் சுற்றியும் அந்தச் சுற்றைக் காட்டும் ஆர்.பி.எம். முள் அசையாமல் கிடப்பதை அவள் கவனித்தாள். எஞ்சினின் கிராங்க் தண்டு சுற்றுவதை எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சென்சார் மேல் சந்தேகம் வந்தது. ஞாயிறன்று அதைக் கழற்றினாள். முனையில் ஒட்டியிருந்த இரும்புத்தூளைத் துடைத்துவிட்டு மீட்டரை வைத்தாள். மின்தடை எண்ணூற்று அறுபது ஓம். இருக்கவேண்டிய அளவுதான். ஒயர்களிலும் பழுதில்லை.

"என்ன, கண்டுபிடிச்சிட்டியா?" என்றார் கணவர் பாலசுப்ரமணியம்.

"இது நல்லாத்தாங்க இருக்கு. எனக்குத்தான் ஒண்ணும் வெளங்கல."

மாட்டி ஓட்டினாள். திங்களன்று மறுபடி நின்றது. மீட்டரே கெட்டுவிட்டதோ என்று, ஆபீஸில் அதையும் சோதித்தாள். சரியாகவே இருந்தது.

புதன்கிழமை பாலத்தில் நின்றதும் அவள் காத்திருக்கவில்லை. பானெட்டைத் திறந்து, துண்டால் பிடித்து, சுடச்சுடக் கனெக்டரைப் பிடுங்கி மீட்டரை வைத்தாள். எண்ணே வரவில்லை. கை நழுவியதோ என்று மூன்று தடவை வைத்துப் பார்த்தாள். இல்லை.

போக்குவரத்துப் போலீஸ்காரர் வந்து, "க்யா ஹுவா, மேடம்ஜி?" என்று விசாரித்தார்.

"தஸ் மினட், பையா," என்று பத்து நிமிஷம் கேட்டாள், மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கொஞ்ச நேரத்தில் எண் தானாக வந்தது. தொள்ளாயிரத்துச் சொச்சம். அவளுக்குத் தலை சுற்றியது. பழுது இருக்கிறதா, இல்லையா?

வீட்டில் சென்சாரைக் கழற்றி மேஜைமேல் வைத்து, கணவரை ஹேர் டிரையரைப் பிடிக்கச் சொன்னாள். எண் மெல்ல ஏறியது. ஆயிரத்தைத் தொட்டதும் பொசுக்கென்று மறைந்தது. ஆறவிட்டால் திரும்பியது. நான்கு முறையும் அப்படியே.

"சூடேறினா உள்ள எங்கயோ விட்டுப்போகுதுங்க. ஆறினா ஒட்டிக்கிடுது!"

புதிய சென்சார் மாட்டினாள். சனிக்கிழமை ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பினார்கள். வண்டி எங்கும் நிற்கவில்லை.

ஆனாலும் அவளுக்கு ஆறவில்லை. பழைய சென்சாரை ரம்பத்தால் அறுத்தாள். கறுப்புப் பிசினுக்குள் மயிரிழைக் கம்பிச்சுருள். பூதக்கண்ணாடி வைத்துத் துழாவியும் அறுந்த இடம் அகப்படவில்லை.

"வண்டிதான் ஓடுதுல்லா? பெறவென்ன?" என்றார் பாலசுப்ரமணியம்.

"எங்க விட்டுச்சுன்னு தெரியலியே!" என்றபடி மற்றப் பாதியைக் கையிலெடுத்தாள்.