மயக்க மருந்து குடித்த காலை

மூன்றாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்த சமயம், எனக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகிக் கன்னம் வீங்கிவிட்டது. சோறு தின்ன முடியவில்லை. மல்லசமுத்திரத்தில் பஸ் ஏறி அம்மா என்னைச் சேலத்துக்குப் பல் டாக்டரிடம் கூட்டிப் போனாள். துணைக்குச் சித்தியும் வந்தாள். நாற்காலி சாய்ந்து, விளக்கு முகத்தில் விழுந்ததும் நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். அப்பா வந்தால்தான் திறப்பேன் என்று சொல்லிவிட்டேன். டாக்டரம்மா கெஞ்சிப் பார்த்தார். சித்தி மிட்டாய் வாங்கித் தருவதாகச் சொன்னாள். பல் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு மிட்டாய்க்கு ஆசை காட்டியவள் என் சித்தி ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அப்பாவுக்கு ரிக் வண்டியில் வேலை. போர்வெல் போட வடக்கே போனால் ஊர் திரும்ப ஆறேழு மாதம் ஆகும். அந்த முறை போனவர் பொங்கலுக்கும் வரவில்லை. கேட்டபோதெல்லாம் அங்கே வேலை முடியவில்லை என்றாள் அம்மா. நான் நம்பினேன். வண்டி ஏதோ பாறையில் மாட்டியிருக்கும் என்று என்னோடு படித்தவர்களுக்கு விளக்கமும் சொன்னேன்.

பயப்படும் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுக்கும் மயக்க மருந்து ஒன்று இருப்பதாகச் சொல்லி, டாக்டரம்மா இன்னொரு நாள் காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார். அரைத் தூக்கத்தில் இருப்பாள், கூப்பிட்டால் பதில் வரும், ஆனால் நடந்தது நினைவில் தங்காது என்றார்.

"ஒண்ணுமே ஞாபகம் இருக்காதுங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"பெரும்பாலும் இருக்காதும்மா. பயப்படாதீங்க."

கொஞ்ச நேரம் கழித்து அம்மா அதையே மறுபடி கேட்டாள். என் மேல் இவ்வளவு அக்கறையா என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

சொன்ன நாளில் போனோம். மருந்தைச் சின்ன கப்பில் ஊற்றிக் கொடுத்தார்கள். முதலில் பழ வாசனையாக இருந்தது, விழுங்கியபின் கசந்தது. விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். கால் கனத்தது, விளக்கு இரண்டாகத் தெரிந்தது. அவ்வளவுதான்.

பிறகு நடந்ததை நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம்தான் சித்தி சொன்னாள். பல்லைப் பிடுங்கி முடித்து என்னைப் பக்கத்து அறைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்களாம். நர்ஸ் வந்து பார்ப்பதும் போவதுமாக இருந்தாள். அவள் வெளியே போயிருந்த நேரத்தில் அம்மா என் காதருகே குனிந்தாளாம்.

"உங்கப்பா இனி நம்ம ஊட்டுக்கு வரமாட்டாரு சாமி. அங்கயே அவருக்கு வேற குடும்பம் ஆயிருச்சு. ஒரு பையனும் இருக்கறான்."

நான் 'ம்' என்றேனாம். தனக்கு எப்போது தெரிய வந்தது, அப்பா போனில் என்ன பேசினார், என்னிடம் ஏன் பொய் சொல்ல வேண்டி வந்தது என்று அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறாள். எல்லாவற்றுக்கும் 'ம்' கொட்டியிருக்கிறேன். கடைசியில் அம்மா என் வயிற்றில் முகத்தை வைத்து அழ, அதைப் பார்க்க முடியாமல் சித்தி எழுந்து வெளியே போய்விட்டாள்.

எனக்கு நினைவிருப்பது திரும்பி வந்த பஸ்தான். உதடு மரத்திருந்தது. ஆட்டையாம்பட்டி தாண்டியிருப்போம்.

"எதாச்சும் ஞாபகம் இருக்குதா சாமி?" என்று அம்மா கேட்டாள்.

"ஒண்ணுமே இல்லீங்கம்மா."

"நல்லா யோசிச்சுப் பாரு."

யோசித்தேன். பல் பிடுங்கினதுகூடத் தெரியவில்லை என்று சொன்னேன். கேட்டுச் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா தலையை மட்டும் ஆட்டிவிட்டு, முன் சீட்டுக் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக் கண்களை மூடிக்கொண்டாள். என்னோடு சேர்ந்து அவளும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அந்த அசதி என்று நினைத்தேன்.

அப்பா எப்போது வருவார் என்று கேட்க வாயெடுத்தேன். பாவம், தூங்கட்டும், வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.