பாபேல் வாசகத்தை நானே வாசித்தேன்

தவக்காலத்தின் முதல் வாரம். மதியம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அடுத்த ஞாயிற்றுக்கான பைபிள் வாசகத்தின் முன்னுரையை எழுதிக்கொண்டிருந்தேன். இயேசு மலைமேல் உருமாறும் பகுதி. ‘மலை’ என்று எழுதினேன். மறுபடியும் ‘மலை’ என்றே எழுதினேன். மூன்றாவது தடவையும் அதே சொல். அதில் தவறு இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை.

சர்க்கரை குறைந்திருக்கும் என்று நினைத்துச் சாயாவில் கூடுதலாகச் சீனி போட்டுக் குடித்தேன். பிறகு ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியே போயிருந்த கணவர் செல்வராஜ் திரும்பி வந்து, என் வாய் ஒரு பக்கம் கோணியிருப்பதைப் பார்த்துத்தான் ஓட்டோ பிடித்தார். இதை வாசிக்கும் உங்களுக்குச் சொல்கிறேன்: வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் உடனே கிளம்புங்கள். ஜெபத்தைப் போகிற வழியில் சொல்லிக்கொள்ளலாம். நான் ஒரு மணி நேரத்தை வீணாக்கினேன்.

ஆஸ்பத்திரியில் பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது) என்றார்கள். வலது கை துவண்டு கிடந்தது. அதைவிடக் கொடுமை அஃபேசியா (நினைத்த சொல் வாய்க்கு எட்டாமல் போவது). திருவனந்தபுரத்தில் எங்கள் பங்குக் கோயிலில் நடக்கும் சனிக்கிழமை மாலைத் தமிழ்த் திருப்பலிக்குப் பல வருடங்களாக வாசகம் தேர்ந்தெடுப்பதும் முன்னுரை எழுதுவதும் நான்தான். என் முன்னுரை பல வாரங்கள் வாசகத்தைவிட நீளமாக இருக்கும். அப்படி வாயாடியவளுக்குத் தண்ணீர் கேட்கக்கூடச் சொல் வரவில்லை. அழுதேன், யார்மேல் என்று தெரியாத கோபமும் வந்தது.

பேச்சுப் பயிற்சி தர வந்த ஷீஜா ஒரு சாவியைக் காட்டினாள்.

“சேச்சி, இது எந்தா?”

“தாக்கோல்.”

மலையாளம் வந்துவிட்டது, தமிழைக் காணோம். பிறந்த மொழியே கைவிட்டுவிட்டதே என்று மனம் உடைந்தேன். முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் மலையாளத்திலேயே பேசியவள் நான். எனக்குத் தமிழ் வீட்டிலும் கோயிலிலும் மட்டும்தான்.

“பயப்படண்டா சேச்சி. ஒரு பாஷ முன்னே வரும், மற்றது பின்னால வரும்” என்றாள் ஷீஜா. சொல் முட்டும்போது பேச்சை நிறுத்தி, மூச்சு விட்டு, விரலால் ஒரு தட்டு தட்டச் சொல்லிக்கொடுத்தாள்.

உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) முடிந்து பங்குத்தந்தை வீட்டுக்கு வந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர்.

“லில்லி அக்கா, பெந்தெகொஸ்துக்கு முந்தின சனிக்கிழமைக்கு நாலு வாசகம் இருக்குல்லா. எதுன்னு நீங்க சொன்னா போதும். வாசிக்கதுக்கு ஆளப் பாத்துக்கிடலாம்.”

அந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. “நான்... வாயிக்கும்” என்றேன். ‘வாசிப்பேன்’ வரவேண்டிய இடத்தில் மலையாளம் முந்திக்கொண்டது.

“ரெண்டு பாஷையிலயும் சம்மதம் சொல்லியாச்சு” என்று சிரித்தார்.

பாபேல் கோபுரம், சீனாய் மலை, உலர்ந்த எலும்புகள், யோவேல். நான்கில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மக்கள் நெளிவார்கள் என்று வருடாவருடம் சின்னதான யோவேலையே கொடுத்துவந்தேன். வீட்டுக்காரரும் அதையே சொன்னார்.

“எதுக்கு வம்பு? சின்னத எடுத்துப் படிச்சிட்டு எறங்கு.”

நான் பாபேலை எடுத்தேன். மொழி குழம்பிப்போனவர்களின் கதையை என்னைவிட யார் வாசிப்பது?

அந்த வாசகத்தில் செங்கல் வருகிறது. எனக்கோ அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் ‘இஷ்டிக’ என்ற மலையாளச் சொல்தான் வந்தது. தாள் கண்ணெதிரே இருந்தும் வாய் கேட்கவில்லை. தினமும் அடுக்களையில் வாசித்தேன். செல்வராஜ் வெங்காயம் நறுக்கிக்கொண்டே திருத்துவார். முந்தின நாள் வரைக்கும் இஷ்டிகதான்.

சனிக்கிழமை மேடையேறினேன். இடது கையால் எழுதிய முன்னுரையில் மூன்றே வரி: “ஒரே மொழி பேசியவர்கள் சிதறினார்கள். இந்த ஆண்டு எனக்கும் மொழி சிதறியது. கேளுங்கள்.”

செங்கல் வரும் இடம் வந்தது. நின்றேன். நாக்கு நுனியில் மற்றது தயாராக இருந்தது. மூச்சு விட்டேன். விரலால் வாசக மேடையைத் தட்டினேன். யாரும் இருமவில்லை, யாரும் எடுத்துக்கொடுக்கவும் இல்லை.

“செங்கல்” என்றேன். தெளிவாக, ஒலிபெருக்கியில்.

அதற்கப்புறம் மெதுவாக, நின்று நின்று, ஆனால் பயமில்லாமல் வாசித்தேன். “ஆண்டவரின் அருள்வாக்கு” என்று முடித்தபோது, “இறைவா, உமக்கு நன்றி” என்று வந்த பதிலில் கூரை அதிர்ந்தது. முன்வரிசையில் செல்வராஜ் தலையைக் குனிந்துகொண்டிருந்தார், தோள் குலுங்கியது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது தற்பெருமையென்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டு நிமிட வாசகத்துக்கு ஆறு நிமிடம் ஆனதாம். முன்பெல்லாம் அடுத்த வரியைப் பார்த்தபடியே இந்த வரியை வாசித்து முடித்துவிடுவேன். இப்போது ஒரு சொல் வந்து சேரும்வரை அங்கேயே நிற்கிறேன், வெட்கம் இல்லை. வலது கை இன்னும் பொத்தான் போட மறுக்கிறது. அதற்கும் அவசரமில்லை.

நேற்று, பெருவிழாக்கள் முடிந்து வரும் பொதுக்காலத்துக்கு வாசகர் பட்டியல் போட்டேன். இருப்பதிலேயே நீளமான வாசகம் எந்த வாரம் என்று தேடிப் பார்த்து, அதற்கு நேரே என் பெயரை எழுதினேன்.