பிரிக்காத காப்பிக்கொட்டை பாக்கெட்

இன்று சாயங்காலம் அம்பத்தூரில் வறுத்த காப்பிக்கொட்டை கால் கிலோ வாங்கிக்கொண்டு, திருநின்றவூர் திரும்ப ரயில் ஏறினேன்.

"காத்து பட்டா வாசனை போய்டும் சார். வீட்ல டப்பாவுல கொட்ற வரைக்கும் பிரிக்காதீங்க" என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். பாக்கெட்டை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

எதிரில் இருந்தவர் மூக்கை உறிஞ்சினார். "இன்னா சார், காப்பி வாசனை பொட்டி பூரா தூக்குது."

பக்கத்தில் காய்கறிப் பையோடு இருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரிலயே. காய்ச்சல் வந்ததுலேர்ந்து மூக்கு செத்துப்போச்சு. கொஞ்சம் பிரிச்சிக் காட்றியா நைனா? மோந்து பாத்துட்டுத் தரேன்."

நான் சொன்ன பதில் இது: "பிரிச்சா வாசனை போய்டும்மா."

அவர் கோபப்படவில்லை. "அதுவும் சரிதான். நீயாவது நல்லா குடி" என்று சொல்லிவிட்டு ஆவடியில் இறங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்து, பிரிப்பதற்காகக் கையில் எடுத்தபோதுதான் கவனித்தேன். பாக்கெட்டின் முன்பக்கம் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்டம், அதில் உள்காற்றை வெளியே மட்டும் விடும் ஊசி ஓட்டைகள். லேசாக அழுத்தினால் வாசனை மூக்கில் வந்து அடிக்கிறது. பிரிக்கவே வேண்டாம். அவர் முகத்தருகே ஒருமுறை அழுத்தியிருந்தால் போதும்.

கொட்டை இப்போது காற்றுப் புகாத டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. திறக்கத்தான் கை வரவில்லை.

காப்பி சமாச்சாரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒரு அம்மா ஒரு தடவை மோந்து பார்த்தால், கால் கிலோவில் எவ்வளவு வாசனை குறையும்?