நூற்றெண்பது என்று சாதித்த ஓவன்

டிஸ்ப்ளேயில் ஏதாவது எரர் காட்டினால் எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. எங்கே வலி என்று ஓவனே வாயைத் திறந்து சொல்லிவிடுகிறது, அந்தப் பாகத்தை மாற்றிவிட்டு யார் வேண்டுமானாலும் போகலாம். டிஸ்ப்ளே பளிச்சென்று எரியும், ஃபேன் சுற்றும், நேரம் முடிந்ததும் பீப் அடிக்கும், ஆனால் உள்ளே வைத்தது மட்டும் உருப்படாது என்றால், அந்த ஓவன் என்னிடம் வரும். கொருக்குப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரைக்கும் "அந்த ஸ்கூட்டி அம்மாவைக் கூப்பிடு" என்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், இப்போது என்ன?

ராயபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு வீட்டிலிருந்து அப்படித்தான் போன் வந்தது. பேசியவள் முன்பு மீன் விற்றவள். போனிலேயே பார்த்து கேக் செய்யக் கற்றுக்கொண்டு, ஒரு ஓவன் வாங்கி, கூடையை இறக்கி வைத்தவள். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கொஞ்ச நாளாக எந்த கேக்கை வைத்தாலும் மேலே கருகி உள்ளே மாவாகவே நிற்கிறதாம். கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு வந்த ஒருவர் போர்டை மாற்றிப் பார்த்திருக்கிறார். அடுத்து வந்தவர் வோல்டேஜ் சரியில்லை என்று ஸ்டெபிலைசர் வாங்க வைத்திருக்கிறார்.

"ஓவன்ல ஒண்ணும் இல்லியாம் யக்கா. என் கை ராசிதான் பூட்ச்சு. நீ ஒரு தபா வந்து பாத்துட்டு, இல்லன்னு சொல்லிட்டீன்னா ஓவனை யார்னா எடுத்துகினு போட்டும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கை பூட்ச்சா? ஓவனுக்கு உன் கை தெரியுமா, என் கை தெரியுமா? எதையும் தொடாம வை, வர்றேன்" என்று போனை வைத்தேன்.

அங்கே போன பிறகுதான் அவள் சொன்னதன் கனம் புரிந்தது. மீன் விற்கிறவர்களுக்கு அன்றைய முதல் வியாபாரம், அதாவது போணி, யார் கையால் ஆகிறது என்பது பெரிய விஷயம். இவள் கை ராசியான கை என்று அந்த மார்க்கெட்டில் பெயராம். பக்கத்துக் கூடைக்காரிகள் தங்கள் மீனைக்கூட இவளைத் தொட்டுக் கொடுக்கச் சொல்லித்தான் போணி பண்ணுவார்களாம். இப்போது கேக் வரிசையாகக் கெட்டதும் அந்த ராசி போய்விட்டதென்று தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. அன்று சாயங்காலம் அதே தெருவில் ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள் கேக் கொடுக்க வேண்டும். அதற்கு முட்டை உடைக்கக்கூட அவள் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு வைத்திருந்தாள்.

"இதுவும் கெட்டா அவ்ளோதான் யக்கா. மறுபடி கூடையைத் தூக்கலாம்னா, இந்தக் கையால எவ போணி வாங்குவா?"

அவள் தன் கையைத் தானே ஏதோ கலீஜான சாமானைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் விசைப்படகு டிரைவர். இஞ்சினைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். அன்று மாலை கடலுக்குக் கிளம்ப வேண்டியவர், வாசற்படியில் குந்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்ததும் வராததுமாக ஸ்க்ரூவைக் கழற்றுகிறவன் மெக்கானிக்கே இல்லை என்பேன். முதலில் என்னுடைய தெர்மாமீட்டரை உள்ளே வைத்தேன். ஓவனை நூற்றெண்பது டிகிரியில் போட்டுவிட்டு, "ஒரு டீ போடுமா" என்றேன். டீயை நான் ஊதி ஊதிக் குடித்து முடிப்பதற்குள் டிஸ்ப்ளே நூற்றெண்பது என்று காட்டி பீப் அடித்தது. என்னுடையது இருநூற்றுப் பத்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. அடேயப்பா, என்ன துணிச்சல்! மூஞ்சியில் ஒரு சலனமில்லாமல் நூற்றெண்பது என்றே சாதித்துக்கொண்டிருந்தது அந்த ஓவன்.

"பாத்தியா? கையை விட்டுட்டு இதைப் பாரு" என்று அவளை இழுத்து வந்து காட்டினேன். அவள் பார்த்தாள். நம்பவில்லை. "உன் மிசினு தப்பா காட்டுதோ இன்னாவோ" என்றாள்! என் தெர்மாமீட்டரையே சந்தேகப்பட்டாள், பாருங்கள். கொதிக்கிற தண்ணீரில் அதை விட்டு, சரியாக நூறு காட்டுவதைக் காட்டிய பிறகுதான் அடங்கினாள்.

ஓவனுக்குள் சென்சார் என்று ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். சூடு ஏற ஏற அதன் மின்தடை ஏறும். போர்டு அதை அளந்து, இவ்வளவு சூடு என்று முடிவு செய்யும். தடை குறைவாகத் தெரிந்தால், இன்னும் சூடு போதவில்லை என்று நினைத்து ஹீட்டரை விடாமல் எரிக்கும். ஆகவே போர்டு முட்டாளில்லை. அதற்கு யாரோ தப்பான தகவல் கொடுக்கிறார்கள். முன்னால் வந்தவர்கள் ஓவன் ஆறியிருக்கும்போது சென்சாரை அளந்திருப்பார்கள், சரியாகக் காட்டியிருக்கும், போர்டின் மேலும் வோல்டேஜின் மேலும் பழியைப் போட்டிருப்பார்கள். சூட்டில் வருகிற நோயைச் சூட்டில்தான் பார்க்க வேண்டும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, சூடு இறங்குவதற்குள் பின் தகட்டைக் கழற்றினேன். சென்சாரை ஒயர் சேரும் கனெக்டரோடு சேர்த்து அளந்தால் தடை குறைவு. கனெக்டரைப் பிடுங்கிவிட்டுச் சென்சாரை மட்டும் அளந்தால் சரியாக இருந்தது. அப்படியானால் திருடன் கனெக்டரில்தான் இருக்கிறான். டார்ச் அடித்தேன். இரண்டு பின்னுக்கும் நடுவில் கறுப்பாக ஏதோ வெந்து பிடித்திருந்தது. சுரண்டி மூக்கருகில் கொண்டுபோனேன்.

கிரீஸ். ஓவனுக்குள் கிரீஸ்! உருகி வழிந்து, தீய்ந்து கரியாகி, சூடானால் இரண்டு பின்னுக்கும் நடுவே கரண்டைக் கசியவிட்டுக்கொண்டிருந்தது. எத்தனை ஓவனைத் திறந்திருக்கிறேன், கரப்பான் பூச்சிக் குடும்பத்தையே பார்த்திருக்கிறேன், இதைப் பார்த்ததில்லை. எனக்கு வாய் சும்மா இருக்காது.

"யாருமா இந்த வேலை பார்த்தது?"

அவள் முழித்தாள். வாசற்படியிலிருந்து அவர் எழுந்தார்.

"நான்தாம்மா. மீன்புடி தடை காலத்துல போட் கரையில நின்னுது, நான் வூட்ல சும்மா குந்திகினு இருந்தேன். உப்புக் காத்துல ஸ்க்ரூவெல்லாம் துரு புடிச்சிகினு வந்துது. போட்ல எல்லாம் டெர்மினலுக்கு கிரீஸ் வெக்கலன்னா கடல் துன்னுடும்மா. அதான் இதையும் தொறந்து எல்லா ஜாயிண்ட்டுக்கும் நல்லா அப்பி வெச்சேன். நல்லதுதானேன்னு..."

திட்ட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். மனுஷன் தப்புப் பண்ணவில்லை, தன் இஞ்சினுக்குச் செய்வதை அக்கறையாகப் பெண்டாட்டியின் ஓவனுக்கும் செய்திருக்கிறார். இஞ்சின் ரூமுக்கு அது மருந்து. இங்கே விஷம். ஆனால் அவள் விடவில்லை.

"இத்தினி நாளா என் கையை நானே திட்டிகினு கீறேன். நீ கம்முனு பாத்துகினு இருந்தியா?"

"கிரீஸால கெடும்னு எனக்கு இன்னாமே தெரியும்? தெரிஞ்சா சொல்லமாட்டனா?"

"அப்ப நீயும் என் கைதான்னு நெனச்சிகினியா?"

அவர் கண் சமையல் மேடைப் பக்கம் போனது.

"நெனச்சிகினே. அதான் சோத்துத் தூக்கை என் கையில வாங்க மாட்டேன்ற. நான் எடுத்தார்றதுக்குள்ள மேடையிலேர்ந்து நீயே எடுத்துகினு ஓட்ற. எனக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டு அவள் உடைந்து அழுதாள். அதற்குப் பிறகுதான் எனக்கு விவரம் புரிந்தது. கடலுக்குப் போகும்போது சாப்பாட்டுத் தூக்கை அவள் கையால் வாங்கிக்கொண்டு போவதுதான் அந்த வீட்டு வழக்கம். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தானாம். கேக் கெட ஆரம்பித்ததும் அதை அவர் நிறுத்திவிட்டார்.

"கொஞ்ச நாளா வலையில மீன் பாடு சரியில்லமே" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "போட்ல பசங்களும் ஒரு மாதிரி பேசினானுங்க."

எனக்கு அந்த ஆளின் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. தெரு பேசட்டும், இவர் எப்படி? ஆனால் அது என் மீட்டருக்குள் வராத விஷயம். என்னால் ஆனதைச் செய்தேன். கரியைச் சுத்தமாக எடுத்து, வெந்துபோன கனெக்டரை வெட்டி எறிந்து, சூடு தாங்கும் புதுசைப் போட்டேன். மற்ற ஜாயிண்ட்டிலிருந்த கிரீஸையும் ஒன்று விடாமல் துடைத்தேன். மறுபடி நூற்றெண்பதில் போட்டால் என் தெர்மாமீட்டரும் டிஸ்ப்ளேயும் ஒரே பேச்சாகப் பேசின.

பக்கத்து வீட்டுப் பெண் முட்டையை எடுக்க வந்தாள். "நீ போமா, வூட்டுக்காரி உடைப்பா" என்று அவளை அனுப்பினேன். இவள் தயங்கினாள். "யக்கா, கொழந்த கேக்கு..."

"உடைடீ" என்றேன். நான் போட்ட சத்தத்தில் அவளே உடைத்தாள், அவளே அடித்துக் கலக்கினாள், அவளே உள்ளே வைத்தாள். மூன்று பேரும் ஓவன் கதவின் முன்னால் நின்றோம். நான் இந்த மாதிரிச் சமயத்தில் பயப்படுகிறவளில்லை. கேக் மெதுவாக, சமமாக எழும்பியது. குத்தி எடுத்த குச்சி ஈரமில்லாமல் வந்தது. அவள் அந்தக் குச்சியை என்னிடம் காட்டினாள், அவரிடம் காட்டினாள், பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

அவர் கிளம்பும் நேரமாகிவிட்டது. தூக்கு சமையல் மேடையில் தயாராக இருந்தது. அவர் அதை எடுக்காமல் வாசலில் நின்றுகொண்டு உள்ளே கையை நீட்டினார்.

"அங்க கீது. எடுத்துகினு போ" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.

"உன் கையால குடுமே."

"இன்னா சொன்ன? காதுல வுழல."

"உன் கையால குடு."

"சத்தமா சொல்லு. அன்னிக்கு பேசினவங்க காதுல வுழணும்."

அவர் ஒரு நொடி தெருவைப் பார்த்தார். குழாயடியில் பெண்கள் நின்றிருந்தார்கள், கூடப் போகிற படகு ஆள் ஒருவன் வண்டியில் காத்திருந்தான். அவர் இரண்டு கையையும் நீட்டி, படகிலிருந்து கரைக்குக் கத்துவது போலக் கத்தினார்.

"உன் கையாலதான்மே வேணும்!"

அவள் தூக்கை எடுத்து, வாசல் தாண்டித் தெருவுக்கே இறங்கி வந்து, எல்லோரும் பார்க்க அவர் கையில் வைத்தாள்.